வண்டி வாங்கப் போகிற தம்பிக்குப் பத்துச் சொல்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தேன். இப்போது கண் மங்கிவிட்டது. ஸ்பேனரைப் பையனிடம் கொடுத்துவிட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வேலைதான் விட்டது, கேள்வி விடவில்லை. மறைமலை நகரிலும் மகிந்திரா சிட்டியிலும் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் முதல் சம்பளம் கைக்கு வந்ததும் வந்து நிற்கிறார்கள்: "தாத்தா, எந்த வண்டி வாங்கலாம்?"

நான் பெயர் சொல்வதில்லை. ஒரே மாடல் வண்டி செங்கல்பட்டில் பத்து வருஷம் பெரிய செலவு வைக்காமல் ஓடியிருக்கிறது. அதையே தேவனேரிக் குப்பத்தில் வைத்திருந்தவர் நாலாம் வருஷமே சைலன்சர் மாற்ற வந்தார். இரண்டு ஊருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்தான். குறை இல்லாத வண்டி உலகத்தில் கிடையாது. உன் ஊரும் உன் பையும் பொறுத்துக்கொள்கிற குறை எது என்று பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும். தம்பி என்று சொன்னாலும் தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1. ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்று முதலில் யோசி.

வண்டி ஓடுகிற நேரம் ஒரு நாளைக்கு இரண்டு மணி. மிச்ச இருபத்திரண்டு மணியும் அது நிற்கத்தான் செய்கிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், புதுப்பட்டினம், கடப்பாக்கம் வரைக்கும் கடலோரமாக வீடு இருந்தால், அந்த இருபத்திரண்டு மணியும் வண்டி உப்புக் காற்றில் நிற்கிறது. காற்றில் வரும் ஈரம் வண்டிமேல் படிந்து காயும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது. அடுத்த ராத்திரி அந்த உப்பு திரும்ப ஈரத்தை இழுக்கிறது. துரு பிடிக்கும் கதை இவ்வளவுதான்.

அதனால் ஷோரூமில் டேங்கின் பளபளப்பைப் பார்க்காதே. குனிந்து மட்கார்டின் உள்பக்கம் பார். சேஸிஸில் வெல்டிங் போட்ட மூலைகளில் பெயின்ட் ஒழுங்காக ஏறியிருக்கிறதா, தண்ணீர் தேங்கும்படி குழிகள் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார். வயர் கப்ளர்களுக்கு ரப்பர் உறை உண்டா, செயினுக்கு முழு மூடி உண்டா, அரை மூடிதானா? செயின் வெளியே தெரிந்தால் அழகுதான். ஆனால் கடற்கரை மணல் அதில் ஒட்டிக்கொண்டால் செயின் ஸ்ப்ராக்கெட் சீக்கிரம் தேய்ந்துவிடும். மீன் கூடை கட்டுகிற எக்ஸ்.எல். வண்டிக்காரர்களைக் கேட்டுப் பார். எந்தப் பாகம் முதலில் போகும் என்று விரல் விட்டுச் சொல்வார்கள்.

2. பிரேக்குக்குள்ளும் உப்பு போகும்.

சைலன்சர் துருப்பிடித்தால் சத்தம்தான் வரும். பிரேக்கில் உப்பு ஏறினால் உயிர்ப் பிரச்சினை. நம் பக்கத்து மாவட்டத்து ஓரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் இருக்கின்றன. சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பினால் எட்டிவிடுகிற தூரம். அந்த நிறுவனம் 2020-ல் ஹிமாலயன், இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜி.டி. 650 ஆகிய மூன்று மாடல்களில் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எல்லாம் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் விற்றவை. அங்கே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்பு நாள்பட்டு, பிரேக் காலிப்பரின் உள்துளையை அரித்துவிடக்கூடும் என்பதுதான் காரணம்.

இங்கே விற்ற வண்டிகளுக்கு அந்த அறிவிப்பு வரவில்லை. பாடம் மட்டும் நமக்கும் உண்டு. காலிப்பருக்குள் அரிப்பு வந்தால் பிஸ்டன் இறுகும். லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், அல்லது சரியாகப் பிடிக்காது. டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பிரேக்கைப் பிடித்து விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார். தடையில்லாமல் சுற்ற வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் வாங்கிய பிறகும் மாதம் ஒரு தடவை இதைச் செய்யுங்கள். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற தெருவென்றால், கழுவிய கையோடு துணியால் துடைத்துவிடுங்கள்.

3. முதல் லாட்டுக்கு ஓடாதே.

புது மாடல் வந்த அன்றே புக்கிங் போட்டு, தெருவில் முதல் ஆளாக ஓட்ட வேண்டும் என்று வயசு சொல்லும். 2021 செப்டம்பர் 1-ல் ராயல் என்ஃபீல்டின் புது கிளாசிக் 350 வந்தது. அந்த டிசம்பரிலேயே 26,300 வண்டிகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். பின்சக்கர டிரம் பிரேக்கைத் தாங்குகிற ஒரு பிராக்கெட், பிரேக்கை ரொம்ப அழுத்தி மிதித்தால் சேதமாகலாம் என்று கண்டுபிடித்திருந்தார்கள். செப்டம்பர் 1-க்கும் டிசம்பர் 5-க்கும் நடுவில் செய்த, பின்பக்கம் டிரம் வைத்த வண்டிகள் அவை. முதல் மூன்று மாதத்துச் சரக்கு.

சோதனைத் தடத்தில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும், லட்சம் பேர் லட்சம் விதமாக ஓட்டும்போதுதான் சில குறைகள் வெளியே வரும். ஒரு வருஷம் பொறு. மற்றவர்கள் உனக்காகச் சோதித்துக் கொடுப்பார்கள்.

4. திரும்ப அழைத்தால் மிரளாதே, சோம்பலும் படாதே.

திரும்ப அழைக்கிற கம்பெனி மட்டமான கம்பெனி என்று பேசுவார்கள். அது சரியில்லை. 2021 மே மாதம் ஒரு இக்னிஷன் காயில் குறைக்காக ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளை அழைத்தது. 2024 பிப்ரவரியில் பிரேக் லீவர் குறைக்காக யமஹா சுமார் 3 லட்சம் ஸ்கூட்டர்களை அழைத்தது. குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்கிறவனைவிட, மூடி மறைக்கிறவனிடம்தான் ஆபத்து.

முன்பெல்லாம் இது கம்பெனிகள் தாமாகப் பார்த்துச் செய்வது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளைக் கொண்டுவந்தார்கள். ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை இருந்தால் திரும்ப அழைக்கும்படி அரசே உத்தரவிடலாம், அபராதமும் போடலாம். நீயும் அரசின் வாகன் தளத்தில் புகார் பதியலாம். ஆனால் கம்பெனி அனுப்புகிற தகவல் உன்னிடம் வந்து சேர வேண்டுமே! போன் நம்பர் மாற்றினால் ஷோரூமில் சொல்லிவை. பழைய வண்டி வாங்கினால் சேஸிஸ் நம்பரைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பாக்கி வேலை ஏதாவது உண்டா என்று கேள். ஐந்து நிமிஷ வேலை.

5. கார்த்திகை மழையை நினைத்து வாங்கு.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி மூச்சு இழுக்கிற வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஷோரூமில் காட்டச் சொல். பைக்கில் பெரும்பாலும் ஏர் ஃபில்டர் சீட்டுக்குக் கீழே மேலாக இருக்கும். பல ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தை ஒட்டித் தாழ்வாக இருக்கும். பெல்ட் ஓடுகிற பெட்டிக்குள்ளும் தண்ணீர் போகலாம்.

தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்யாதே. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். ஐந்நூறு ரூபாயில் முடிகிற வேலையை ஒரு செல்ஃப் பட்டன் இன்ஜின் வேலையாக்கிவிடும். தள்ளிக்கொண்டு வா. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகு பார்க்கலாம். இன்சூரன்ஸ் போடும்போதும் கேட்டுக்கொள்: கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு உன் வண்டி நனைந்ததற்கு ஒரு பைசா தராது.

6. ஸ்போக்ஸா, அலாயா?

ஸ்போக்ஸ் சக்கரம் பார்க்க லட்சணம். பள்ளத்தில் விழுந்தாலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பெண்ட் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். ஆணி ஏறினால் காற்று ஒரேயடியாக இறங்கும். ராத்திரி பத்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டியூப் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். அலாயில் டியூப்லெஸ் டயர் போட்டிருந்தால் காற்று மெதுவாக இறங்கும், பங்க் வரைக்கும் வந்துவிடலாம். பெரிய பள்ளத்தில் அலாய் விரிசல் விட்டாலோ மாற்றத்தான் வேண்டும். கடலோரம் என்றால் ஸ்போக்ஸ் நிப்பிளில் துரு ஏறுவதையும் கணக்கில் சேர். ஷிஃப்ட் முடிந்து தனியாக வீடு திரும்புகிற பிள்ளைகளுக்கு நான் டியூப்லெஸ்தான் சொல்வேன்.

7. பங்கில் என்ன ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்.

இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களைப் பதம் பார்க்கும். 2023-க்குப் பிறகு வந்த வண்டிகளை இதற்கு ஏற்றபடி செய்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டி ஆசைப்பட்டு வாங்கினால் பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் ரப்பர்களையும் மாற்றிவிட்டு ஓட்டு. டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துரு இருக்கிறதா என்று பார். மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தாதே.

8. பக்கத்தில் யார் கழற்றுவார்கள் என்று கேள்.

1955-ல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் ஆயில் ஒழுக்கும். கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இத்தனை குறையோடு அது எப்படி அத்தனை வருஷம் ஓடியது? குறை எல்லாருக்கும் தெரியும், சரிசெய்கிற கை எல்லா ஊரிலும் இருந்தது. தெரிந்த குறை பாதிச் செலவு.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு இன்ஜெக்ஷன், சென்சார் என்று வண்டி மாறிவிட்டது. ஸ்டார்ட்டிங் டிரபுள் குறைந்தது, உண்மைதான். ஆனால் சென்சார் போனால் என் மாதிரி ஆள் காதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேனர் வேண்டும். அதனால் பணம் கட்டுமுன் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் செங்கல்பட்டிலோ கூடுவாஞ்சேரியிலோ இருக்கிறதா என்று பார். பாகங்கள் பிரிவுக்குப் போய்க் கிளட்ச் பிளேட், செயின் செட், ஹெட்லைட், பிரேக் பேட், லாக் செட் ஐந்தின் விலையும் இருப்பும் கேட்டு எழுதிக்கொள். என் மருமகன் ஆசைப்பட்டு ஒரு வெளிநாட்டு மாடல் வாங்கினான். பெயர் வேண்டாம். ஒரு கிளட்ச் கேபிளுக்காக நாற்பது நாள் அந்த வண்டி என் பட்டறையில் தார்ப்பாய் மூடி நின்றது.

9. உட்கார்ந்து பார், உட்கார வைத்தும் பார்.

இரண்டு காலும் தரையில் படிய வேண்டும். வண்டியை உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளிப் பார். தள்ள முடியாத எடை உனக்கு வேண்டாம். வீட்டிலிருந்து அம்மாவையோ மனைவியையோ கூட்டிப் போய்ப் பின்சீட்டில் உட்கார வை. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்தில் மாட்டாத கார்டு மூன்றும் விதிப்படி இருக்க வேண்டியவை. "லுக்குக்காக" கார்டைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லாதே. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம். ஒற்றைச் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். மணல் பரந்த வளைவில் பின்சக்கரம் சறுக்கும் என்பதை மறக்காதே. கட்டுப்படியானால் இரட்டைச் சேனல் வாங்கு.

10. பழைய வண்டியென்றால் காலையில் போ.

இன்ஜின் சில்லென்று இருக்கும்போது உன் கையால் ஸ்டார்ட் செய். முன்கூட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படு. புகை அடிக்கிறதா, ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி இருக்கிறதா, ஆயில் சீல் கசிகிறதா என்று பார். ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் மாட்டினால் கோன் செட் போயிருக்கிறது. சீட்டைக் கழற்றி, பேட்டரிப் பெட்டி மூலையில் காய்ந்த வண்டல் இருக்கிறதா பார். இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. விலை பாதியானாலும் வேண்டாம்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு நீக்கியிருக்கிறதா என்று பார். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய கையோடு பெயர் மாற்று. டி.என். 19 என்று பலகை இருந்தால் மட்டும் வண்டி செங்கல்பட்டிலேயே ஓடியது என்று நம்பாதே. குப்பத்தில் வளர்ந்த வண்டிக்கும் அதே பலகைதான்.

பத்தும் நினைவில் நிற்காவிட்டால் ஒன்றை மட்டும் செய். பணம் கட்டுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அதே மாடலை மூன்று வருஷமாக உன் தெருவில், உன் காற்றில் வைத்திருப்பவரைத் தேடிப் பிடி. ஒரு டீ வாங்கிக் கொடு. அனுமதி கேட்டுக்கொண்டு, அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார். மூன்று வருஷம் கழித்து உன் வண்டி எப்படி இருக்கும் என்பது அங்கே தெரியும்.