மடிக்கணினி வாங்குவோம்: விலையும் வினைத்திறனும்

உம்மாவின் சீட்டு விழுந்த அன்று இரவு, இரண்டு இலட்சம் ரூபாவை மேசையில் வைத்துவிட்டு வாப்பா என்னிடம் கேட்டார், “மகள், நல்ல லெப்டொப் ஒன்று என்ன விலை வரும்?”

எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறேன். கணினியின் பாகங்களைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். ஆனால் அந்தப் பாகங்களுக்கு எவ்வளவு பணம் கொடுப்பது தகும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பணம் உம்மா 20 மாதம் தையல் தைத்து, மாதம் 10,000 ரூபாவாகக் கட்டிய பணம். பிழையாக வாங்கினால் திருப்பிக் கட்ட இன்னும் 20 மாதம் வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு தடவை பிழைத்தும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, ராத்தாவுக்காக வாப்பா ஆகக் குறைந்த விலையில் ஒரு லெப்டொப் வாங்கினார். 4 ஜிகாபைட் ரேம், 64 ஜிகாபைட் சேமிப்பு. இரண்டையும் கூட்ட முடியாதபடி பலகையிலேயே ஒட்டியிருந்தார்கள். சூம் வகுப்பைத் திறந்தால் குறிப்பைத் திறக்க முடியாது. இரண்டு வருடத்தில் விண்டோஸைப் புதுப்பிக்கவே இடம் போதவில்லை. இப்போது அது அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.

தங்கைமாருக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று, இம்முறை நாங்கள் எப்படித் தெரிவு செய்தோம் என்பதை எழுதுகிறேன்.

முதலில் வேலை, பிறகு விலை

“முந்தி 80 ஆயிரத்துக்கு வாங்கினோமே” என்றுதான் வாப்பா தொடங்கினார். அந்த நினைவு இன்று எங்களுக்கு உதவாது. 2022இன் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. அந்த வருடம் மே மாதமளவில் அது சுமார் 360 ரூபாவைத் தொட்டது. 500 டொலர் பெறுமதியான ஒரு கணினி, வரியும் இலாபமும் சேராமலே ஒரு இலட்சத்திலிருந்து ஒரு இலட்சத்து 80 ஆயிரமாகிவிட்டது. கணினி நாங்கள் உற்பத்தி செய்யாத பொருள் என்பதால் ரூபா விழுந்தால் அதன் விலை ஏறும். ஆகவே பழைய விலையை மறந்துவிட்டு, செய்யப்போகும் வேலையை எழுதத் தொடங்கினேன்.

என் பட்டியல் சிறியது. பைதன் நிரல் எழுத வேண்டும். சிறிய இணையத்தளமும் தரவுத்தளமும் செய்து பழக வேண்டும். கடந்தகால வினாத்தாள்களைத் திறந்து வைத்துக்கொண்டு சூம் வகுப்பில் இருக்க வேண்டும். தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். வீடியோ தொகுப்பும் பெரிய விளையாட்டுகளும் என் பட்டியலில் இல்லை. கட்டட வரைபடமோ முப்பரிமாண வடிவமைப்போ படிக்கும் ஒரு சகோதரியின் பட்டியல் வேறாக இருக்கும். அவளுக்குத் தனியான கிராபிக்ஸ் அட்டை தேவைப்படலாம். எனக்கு அது வீண் செலவு.

பெயரைப் படிக்கப் பழகுவோம்

கடைகளில் விசாரித்து நான்கு கணினிகளைக் கொப்பியில் குறித்தேன்.

முதலாவது, புதியது, 98,000 ரூபா. 4 ஜிகாபைட் ரேம், இரண்டு கோர் புரொசசர்.

இரண்டாவது, பாவித்தது, 92,000 ரூபா. 8 ஜிகாபைட் ரேம், இன்டெல் கோர் ஐ7-7500யூ.

மூன்றாவது, புதியது, 158,000 ரூபா. 8 ஜிகாபைட் ரேம், 512 ஜிகாபைட் எஸ்.எஸ்.டி., இன்டெல் கோர் ஐ3-1215யூ.

நான்காவது, புதியது, 345,000 ரூபா. 16 ஜிகாபைட் ரேம், புதிய ஐ7, தனி கிராபிக்ஸ் அட்டை.

இரண்டாவதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது. 92 ஆயிரத்துக்கு ஐ7! ஆனால் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகள் மட்டுமே. அதற்கு அடுத்து வரும் இலக்கம்தான் தலைமுறையைச் சொல்கிறது. 7500 என்றால் 7ஆம் தலைமுறை. 1215 என்றால் 12ஆம் தலைமுறை. 2016இல் வந்த அந்த ஐ7இல் இருப்பவை 2 கோர்கள். 2022இல் வந்த இந்த ஐ3இல் இருப்பவை 6. பெயரில் சிறியது வேலையில் பெரியது.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொப்ட் ஏற்றுக்கொண்ட இன்டெல் புரொசசர்கள், மிகச் சில விலக்குகளைத் தவிர, 8ஆம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே அந்த 7ஆம் தலைமுறைக் கணினி ஓடினாலும் அதன் பாதுகாப்புக்கு வயது முடிந்துவிட்டது. பாவித்த கணினி வாங்குவது குற்றமில்லை, ஆனால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

கடைசி எழுத்தையும் பாருங்கள். ‘யூ’ என்றால் மின்சாரத்தைக் குறைவாக எடுப்பது. ‘எச்’ என்றால் அதிக வேகமும் அதிக சூடும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் வகையிலும் இலக்கத்தைப் படிக்க வேண்டும். ரைசன் 5 7520யூ என்பதில் முதல் இலக்கமான 7, 2023ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கும். மூன்றாவது இலக்கமான 2, உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ‘சென் 2’ வடிவமைப்பு என்பதைக் காட்டும். புதிய வரிசைக்குள் பழைய வடிவமைப்பும் இருக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

உம்மா சொன்ன பொபின் பாடம்

நான்காவது கணினியைக் காட்டிய கடையில் வாப்பா நீண்ட நேரம் நின்றார். “நானா, பிள்ளைட படிப்பு விஷயம். மாதாந்தம் கட்டலாம்” என்றார் கடைக்காரர். அன்று இரவு வாப்பா உம்மாவின் கையிலிருந்த காப்பைப் பார்த்ததை நான் கண்டேன். பிள்ளைக்குக் குறை வைக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம். விலை கூடியதுதான் நல்லது என்பது அவருடைய நம்பிக்கை.

உம்மா வேறு கேள்வி கேட்டார். “அதுல எது கூடினதுக்கு அவ்வளவு காசு?”

வேகம் என்றேன்.

“மோட்டார் எவ்வளவு வேகமா சுத்தினாலும், பொபின்ல நூல் முடிஞ்சா தையல் நிக்கும் மகள். உன்ட வேலை எதுல நிக்குது என்று பார்.”

எட்டு மாதம் பாடத்தில் படித்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு கணினியின் வேகத்தைத் தீர்மானிப்பது அதன் மிக வேகமான பாகமல்ல, நமது வேலையில் முதலில் தடக்கிவிடும் பாகம். ராத்தாவின் லெப்டொப்பில் தடக்கியவை ரேமும் சேமிப்பும். அதற்கு இன்னும் வேகமான புரொசசர் போட்டிருந்தாலும் அது சும்மா காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சேமிப்பில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. லெப்டொப்பில் வரும் பழைய வகை வன்தட்டு ஒரு செக்கனுக்குச் சுமார் 100 மெகாபைட் வாசிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550 மெகாபைட் வரை வாசிக்கும். என்.வி.எம்.இ. வகை இன்னும் பல மடங்கு வேகம். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது வீட்டுப் பாவனையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு மேல் போவது ஆவணம் திறக்கும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது. திறனுக்காகக் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் இப்படித்தான். முதலில் நிறையத் தரும், பிறகு கொஞ்சம் தரும், கடைசியில் பெயரை மட்டும் தரும்.

விலையை வருடத்தால் வகுத்தல்

உம்மா கேட்ட அடுத்த கேள்வி, “இது எத்தனை வருஷம் ஓடும்?” அதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வருடங்கள் என்னுடைய மதிப்பீடு. விண்டோஸ் ஆதரவு, ரேமைக் கூட்ட முடியுமா, என் பட்டியலுக்குப் போதுமா என்ற மூன்றையும் பார்த்து மதிப்பிட்டேன்.

முதலாவது: 98,000 ரூபா, 2 வருடம். வருடத்துக்கு 49,000.

இரண்டாவது: 92,000 ரூபா, 2 வருடம். வருடத்துக்கு 46,000.

மூன்றாவது: 158,000 ரூபா, 5 வருடம். வருடத்துக்கு 31,600.

நான்காவது: 345,000 ரூபா, 6 வருடம். வருடத்துக்கு 57,500. மாதாந்தக் கட்டணத்தின் வட்டி இதில் இல்லை.

ஆக மலிவான இரண்டும் மலிவில்லை. ஆக விலை கூடியது, நான் பாவிக்கப் போகாத திறனுக்குப் பணம் கேட்கிறது. இந்தத் தாளை வாப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். ஒன்றும் பேசவில்லை. காப்பைப் பற்றிய பேச்சு அதன்பிறகு எழவில்லை.

துணியைக் கொண்டு போய்த் தைத்துப் பார்

கடைக்குப் புறப்படும்போது உம்மா சொன்னார், “நான் மெஷின் வாங்கப் போனா என்ட துணியைக் கொண்டு போய்த் தைச்சுப் பார்த்துத்தான் வாங்குவன். நீயும் உன்ட வேலையைக் கொண்டு போ.”

பென் ட்ரைவ் ஒன்றில் என் வினாத்தாள்களையும் ஒரு பெரிய விரிதாளையும் கொண்டு போனேன். ஒரு கடையில் அதைச் செருக விடவில்லை, வெளியே வந்தோம். அடுத்த கடையில் காட்சிக்கு வைத்திருந்த கணினியில் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார்கள். அங்கே நான் செய்தவற்றை நீங்களும் செய்யலாம்.

வினாத்தாள், விரிதாள், உலாவியில் பதினைந்து பக்கங்கள் ஆகியவற்றை ஒன்றாகத் திறந்தேன். பிறகு கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். வந்த பெட்டியில் நினைவகப் பகுதியில், 8 ஜிகாபைட்டில் எவ்வளவு பாவனையில் இருக்கிறது என்று தெரிந்தது. ரேம் செருகும் இடங்கள் இரண்டில் ஒன்று காலி என்பதும் அங்கேயே தெரிந்தது. இது முக்கியம். இன்று 8 வாங்கி, தேவைப்படும் வருடத்தில் இன்னொரு 8 சேர்க்கலாம். காலி இடம் இல்லாமல் பலகையில் ஒட்டிய ரேம் என்றால், முதலிலேயே 16 வாங்குவது நல்லது.

பற்றரியின் மேல் எழுதியிருக்கும் வோட்-மணி அளவைப் பார்த்தேன். 42 வோட்-மணி என்றால், கணினி சராசரியாக 7 வோட் எடுக்கும் வேலையில் 6 மணித்தியாலம். 14 வோட் எடுத்தால் 3 மணித்தியாலம்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாங்கள் இந்தக் கணக்கை விட்டுவிட முடியாது. திரை 1920க்கு 1080 புள்ளிகளா என்றும் பார்த்தேன். 1366க்கு 768 திரையைவிட அதில் ஏறத்தாழ இரண்டு மடங்கு புள்ளிகள். தமிழ் எழுத்தின் சுழிகள் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக மூன்று கேள்விகள் கேட்டோம். உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதானால் எங்கே கொண்டு போக வேண்டும்? பற்றரிக்கும் சார்ஜருக்கும் உத்தரவாதம் உண்டா? சொன்ன விலையில் விண்டோஸும் வரியும் அடக்கமா? விடைகளைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னார் வாப்பா.

நாங்கள் விட்டுக்கொடுத்தவை

மூன்றாவது கணினியை வாங்கினோம். அதில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். மூடி பிளாஸ்டிக். கெமரா மங்கல். விசைப்பலகையில் வெளிச்சம் இல்லை. வெயிலில் திரை சரியாகத் தெரியாது. இவை எல்லாம் தெரிந்தே விட்டுக்கொடுத்தவை. வினைத்திறனையும் விலையையும் நிறுப்பதென்றால் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான்.

மீதி 42,000 ரூபாவை வாப்பா உம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார். தங்கச்சிக்கு அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை.

அன்பின் தங்கைமாரே, உங்கள் பெற்றோர் உங்களுக்காகக் கடன்படவும் தயங்கமாட்டார்கள். அதனால்தான் கணக்கை நீங்கள் போட வேண்டும். பெற்றோர்களே, கடைக்குப் போகும்போது பிள்ளையை மட்டுமல்ல, அவள் எழுதிய வேலைப் பட்டியலையும் கூட்டிப் போங்கள்.

இந்தக் கட்டுரையை அந்தக் கணினியில்தான் தட்டச்சு செய்தேன். பக்கத்து அறையில் உம்மாவின் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த சீட்டு தொடங்கிவிட்டது.