டி செல்லுக்கும் உண்டு இன்டர்லாக்!

நெய்வேலிச் சுரங்கத்து கன்வேயர் பெல்ட்டைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் பெல்ட் ஓடிவிடாது. கரியை வாங்கிக்கொள்ளும் அடுத்த பெல்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்டர்லாக் விடாது. ஓரமாகப் போகும் கயிற்றை யார் இழுத்தாலும் உடனே நின்றுவிடும். நம் உடம்பிலும் இதே ஏற்பாடு இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

இரத்த வெள்ளை அணுக்களில் டி செல் ஒரு வகை. கிருமி புகுந்த செல்லைக் கொல்வது, மற்ற வெள்ளை அணுக்களை ஏவுவது இதன் வேலை. இதன் மேற்பரப்பில் பல புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதில் டி செல் ரிசப்டர்தான் ஸ்டார்ட் பட்டன். காவல் செல் ஒன்று கிருமியின் துண்டைக் காட்ட, அது ரிசப்டரில் பொருந்தினால் முதல் சிக்னல். அது போதாது. காவல் செல்லின் பி7 புரதம், டி செல்லின் சி.டி.28 புரதத்தைத் தொட வேண்டும். இது இரண்டாவது சிக்னல். நம்ம பாஷையில், இரண்டு சுவிட்சும் சீரிஸில். முதலாவது மட்டும் வந்தால் டி செல் மரத்துப் போகும். பிறகு கூப்பிட்டாலும் லேசில் எழாது. ஏன் இந்தக் கெடுபிடி? நம் சொந்த உறுப்பையே எதிரி என்று அடித்துவிடக் கூடாதே! கிருமியை மோப்பம் பிடித்தால்தான் காவல் செல் பி7-ஐ நிறைய நீட்டும்.

இதை ஜம்பர் போட்டு பைபாஸ் செய்தால்? 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் அதுதான் நடந்தது. டி.ஜி.என்.1412 என்ற சோதனை மருந்து, முதல் சிக்னலே இல்லாமல் சி.டி.28 வழியாக மட்டும் டி செல்லைக் கிளப்பிவிடும். விலங்குகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500-ல் 1 பங்குதான் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் ஆரோக்கியமான 6 பேரும் படுத்துவிட்டார்கள், உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையில் உயிர் பிழைத்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் 'ஒரு நிமிஷம்தானே' என்று ஜம்பர் போடும் நண்பர்கள் கவனிக்கவும்!

நிறுத்தும் கயிறும் உண்டு. அவை சி.டி.எல்.ஏ.4, பி.டி.1 என்ற புரதங்கள். சில புற்றுநோய்க் கட்டிகள் தந்திரமாக பி.டி.1 கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். இந்தக் கயிறுகளை விடுவிக்க வழி காட்டிய ஜேம்ஸ் அலிசன், டசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்லை வெளியே எடுத்து, அதன் மேல் புதுப் புரதம் ஒன்றை முளைக்க வைத்து, திரும்ப ஏற்றுகிறார்கள். அதன் வெளிமுனை, பி செல் வகை இரத்தப் புற்றணுவில் உள்ள சி.டி.19-ஐப் பிடிக்கும். உள்முனையில் இரண்டு சிக்னலும் ஒரே ஒயரில்! முதல் சிக்னலை மட்டும் வைத்து ஆரம்பத்தில் செய்தவை உடம்பில் நிலைக்கவில்லை. இதில் இரண்டாவதற்காக 4-1பிபி என்ற புரதத்தின் துண்டைச் சேர்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இதுபோன்ற சிகிச்சைக்கு 3 கோடி ரூபாய்க்கு மேல். மரபணுவைச் செலுத்தும் வைரஸை இங்கேயே தயாரித்ததால் நம் நாட்டில் சுமார் 40 லட்சத்துக்கு வந்தது. பெரிய சாதனைதான். ஆனால் சேத்தியாத்தோப்பில் கரும்பு வெட்டப் போகும் வீட்டுக்கு 40 லட்சமும் 3 கோடியும் ஒன்றுதான். அந்த இன்டர்லாக்கை இன்னும் யாரும் திறக்கவில்லை.