பால்மர இலையும் பீங்கான் மெழுகுத் தாங்கியும்

கடையில் விற்கும் பீங்கான் மெழுகுவர்த்தித் தாங்கிகளில் பனிமனிதனும் மேப்பிள் இலையுமே அதிகம். நம் ஊரான பாக்கார் ஆராங்கில் நாம் காணும் பருவங்கள் வேறு. ஆண்டின் தொடக்கத்து வறட்சியில் பால்மர இலை சிவந்து உதிரும். தீபாவளியை ஒட்டி மழை கொட்டும். நம் வீட்டு மேசைக்கு இவையே பொருத்தம்.

1. பால்மர இலை ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். பச்சை இலையாகப் பறித்து, நரம்பு புடைத்த அடிப்பக்கத்தைக் களிமண்ணில் வைத்துப் பூரிக்கட்டையால் உருட்டுங்கள். நரம்பெல்லாம் அழகாகப் பதியும். சருகு நொறுங்கிவிடும், வேண்டாம். மண்ணைத் தாங்கியாக வடித்து, நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். பிறகு சூளையில் சுட்டு வாங்குங்கள். சுட வசதியில்லையா? மெழுகுவர்த்தியைச் சிறு கண்ணாடிக் குவளைக்குள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

2. தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் மண் அகல்தான் அழகு. கோல சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் தமிழ்க் குயவர்கள் வனைந்த அகல் கிடைத்தால் விடாதீர்கள். புது அகலை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தினால் எண்ணெய் குறைவாக இழுக்கும்.

3. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு வாங்கிய மெழுகுவர்த்தி மிச்சமா? படுக்க வைத்து, நிழலில் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் நிமிர்த்தி வைத்தால் வளைந்துவிடும்.

4. தாங்கியில் மெழுகுவர்த்தி ஆடுகிறதா? அடிப்பாகத்தை வெந்நீரில் சில விநாடி நனைத்து அழுத்துங்கள்.

5. ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டினால் பளபளப்பு போய்விடும். பளபளப்பான பீங்கானை ஒரு மணி நேரம் ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். மெழுகு சுருங்கிக் கழன்றுவிடும். விரிசல் விட்டதையும் பூச்சில்லாத மண் தாங்கியையும் அப்படி வைக்காதீர்கள். அவற்றை உச்சி வெயிலில் வைத்து, மெழுகு இளகியதும் பழைய நாளிதழால் துடைத்தால் போதும். உருகிய மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

6. மழைக் காலத்தில் மண் தாங்கிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் சுற்றுங்கள்.

7. காற்றாடிக்குக் கீழே ஏற்றினால் மெழுகு ஒரு பக்கமாக வழியும். திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிடுங்கள், புகை குறையும். தாங்கியின் அடியில் மணல் பரப்பிய தட்டு வையுங்கள். கடைசி ஓர் அங்குலம் இருக்கும்போதே அணைத்துவிடுங்கள். அடிவரை எரிந்தால் சூட்டில் பீங்கான் விரிசல் விடும். கரண்ட் போன இரவில் ஏற்றிய மெழுகுவர்த்தியை எரியவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது.