லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறீர்களா?

மே மாதம் ஊருக்குப் போனவர்கள் ஞாயிறு இரவு ரயிலேறி, திங்கள் காலை எழும்பூரில் இறங்கி, நேரே அலுவலகம் ஓடுவது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். சனிக்கிழமையே வீடு சேருங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. திரும்பும் டிக்கெட்டுக்கான நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் கவனம் தண்ணீருக்கு. டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க 7 முதல் 10 நாட்கள் போதும். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, வாளி எல்லாவற்றையும் கொட்டி, ஓரங்களை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் அங்கேதான் ஒட்டியிருக்கும். மேல்தொட்டியில் தேங்கிய நீரையும் வெளியேற்றிவிட்டுப் புதுநீர் ஏற்றுங்கள்.

பைக்கை ஞாயிறன்றே ஒருமுறை ஸ்டார்ட் செய்து, டயரில் காற்றும் பாருங்கள்.

தூக்கம்தான் பெரும்பாடு. நள்ளிரவு வரை கதை பேசிப் பழகிய உடம்பு ஒரே இரவில் மாறாது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே அரைமணி அரைமணியாகச் சீக்கிரம் எழுந்து பழகுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே வழி.

முதல் நாள் காலையில் மீட்டிங் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குவிந்த மெயில்களைப் பிரிக்கவே அந்த நேரம் வேண்டும்.