இதயம் பெறும் குருதியும் அணுக்கதிர்ப் படமும்

‘அணு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு 1945-ஆம் ஆண்டின் இரோசிமாவும் நாகசாகியும் நினைவுக்கு வருகின்றன. அந்நினைவு தவறன்று. ஆனால் அதே அணுக்கரு, மருத்துவமனையின் ஓர் அறையில், ஆரவாரம் ஏதுமின்றி ஒரு கேள்விக்கு நாள்தோறும் விடை சொல்லிக் கொண்டிருக்கிறது. ‘இந்த மனிதரின் இதயத் தசைக்குப் போதிய குருதி போய்ச் சேருகிறதா?’ என்பதே அக்கேள்வி. அவ்விடையைக் காணும் முறையை, இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன் என்ற முறையில், வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுத முயல்கிறேன்.

இதயத்தின் பசி

நிமிடத்திற்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதியை உடலெங்கும் செலுத்துவது இதயம். ஆயினும் தன் அறைகளில் நிறைந்து நிற்கும் குருதியைக் கொண்டு அது தன் பசியைத் தீர்த்துக் கொள்வதில்லை. இதயத்தின் மேற்புறத்தில் படர்ந்துள்ள கரோனரித் தமனிகள் வழியாகவே அதன் தசைக்கு உணவும் ஆக்சிஜனும் கிடைக்கின்றன. நாம் ஓய்வாக இருக்கும்போது இத்தமனிகளில் நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது.

இங்கு ஒரு சிறப்பைக் கவனிக்க வேண்டும். ஓய்வு நிலையில் மற்ற தசைகள் தம்மிடம் வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியையே எடுத்துக் கொள்ளும். தேவை மிகும்போது கூடுதலாக எடுத்துக் கொள்ள அவற்றுக்கு இடமுண்டு. இதயத் தசையோ ஓய்விலேயே ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்து விடுகிறது. எனவே நாம் ஓடும்போதும் படியேறும்போதும் அதற்குள்ள முதன்மையான வழி, வரும் குருதியின் அளவைப் பெருக்குவதே ஆகும். நலமான தமனிகள் விரிந்து கொடுத்து, மூன்று நான்கு மடங்கு வரை ஓட்டத்தைப் பெருக்க வல்லவை.

இதனை நம் ஊர்ப் பாசனத்தோடு ஒப்பிடலாம். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்திருக்கிறது என்று கொள்வோம். நீர்த்தேவை குறைந்த நாட்களில் கடைமடை வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும். அடைப்பு ஒருவர் கண்ணிலும் படாது. எல்லா வயலும் ஒரே சமயத்தில் நீர் கேட்கும் நாளில்தான் கடைமடை காயும். இதயத்திலும் இவ்வாறே நிகழ்கிறது என்பதை 1974-இல் அமெரிக்க மருத்துவர் லான்ஸ் கூல்டும் அவர் குழுவினரும் நாய்களிடம் செய்த ஆய்வுகளால் காட்டினர். தமனியின் விட்டம் ஏறத்தாழப் பாதி சுருங்கினாலே, பெருகக்கூடிய உச்ச ஓட்டம் குறையத் தொடங்குகிறது. ஆனால் ஓய்வு நிலை ஓட்டமோ, 85 விழுக்காடு அளவுக்குச் சுருங்கும் வரை ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, இதயத்தைச் சோதிக்க வேண்டுமானால் அதற்கு வேலை கொடுத்துச் சோதிக்க வேண்டும். மற்றொன்று, குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது வேறு. தசைக்கு எவ்வளவு குருதி குறைகிறது என்பது வேறு. ஆஞ்சியோகிராம் என்னும் எக்ஸ்-கதிர்ப் படம் வாய்க்காலைக் காட்டுகிறது. வயலைக் காட்டுவது அணுக்கதிர்ப் படமே.

தடங்காட்டி என்னும் கருத்து

கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு கலந்து, அது செல்லும் வழியைத் தொடர்ந்து அறியலாம் என்ற கருத்தை வளர்த்தவர் ஹங்கேரியில் பிறந்த வேதியியலறிஞர் ஜார்ஜ் டி ஹெவிசி. இப்பணிக்காக 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. இக்கருத்தை மனிதரின் குருதியோட்டத்திற்குப் பயன்படுத்தியவர் பாஸ்டன் நகர மருத்துவர் ஹெர்மன் புளூம்கார்ட். அவர் ஒரு கையின் சிரையில் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது இதயத்தையும் நுரையீரலையும் கடந்து மறு கைக்கு வந்து சேரும் நேரத்தை வில்சன் முகில் கலத்தின் துணையால் அளந்தார். இம்முடிவுகள் 1927-இல் வெளிவந்தன. நாம் பாடநூலில் துகள்களின் பாதையைக் காணும் கருவியாகப் படித்த முகில் கலம், அன்றே நோயாளியின் படுக்கையருகே வந்து விட்டது!

கறக்கப்படும் தனிமம்

இன்று இச்சோதனையில் பெரிதும் பயன்படுவது டெக்னீசியம்-99எம். டெக்னீசியத்தின் அணு எண் 43. இத்தாலியின் பலெர்மோ நகரில் பெரியரும் செக்ரேயும் 1937-இல் இதனைக் கண்டறிந்தனர். மனிதன் செயற்கையாக ஆக்கிய முதல் தனிமம் இதுவே. ‘செயற்கையானது’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்தே இதன் பெயர் வந்தது.

இதன் அரை ஆயுட்காலம் 6 மணி மட்டுமே. அவ்வாறாயின் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு இதனை எப்படிக் கொண்டு செல்வது? அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தினர் 1950-களின் இறுதியில் இதற்கு வழி கண்டனர். அணு உலைகளின் துணையால் பெறப்படும் மாலிப்டினம்-99 என்னும் தாய்ப் பொருளின் அரை ஆயுட்காலம் 66 மணி. அதனை அலுமினாத் தூள் நிரம்பிய சிறு குழலில் ஏற்றி, ஈயக் கவசத்தில் வைத்து அனுப்புகின்றனர். தாய் சிதையச் சிதைய டெக்னீசியம் பிறக்கிறது. உப்பு நீரைக் குழலினூடே செலுத்தினால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வெளிவரும். இதனைப் ‘பசு’ என்றும், உப்பு நீர் விட்டு எடுப்பதைப் ‘பால் கறப்பது’ என்றும் அத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2009-இல் கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதுற்று நின்றபோது, உலகின் பல நாடுகளில் இச்சோதனைகள் தடைப்பட்டன.

டெக்னீசியத்தைத் தனியே செலுத்தினால் அது இதயத் தசையில் தங்காது. ஆகவே செஸ்டாமிபி போன்ற சேர்மத்தோடு அதனைப் பிணைக்கின்றனர். இச்சேர்மம் குருதி செல்லும் அளவுக்கேற்பத் தசையை அடைந்து, உயிருள்ள செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் தங்குகிறது. இதற்கு முன் 1970-களிலிருந்து தாலியம்-201 பயன்பட்டது. பொட்டாசியம் அயனியைப் போல் செல்லினுள் நுழைவது அதன் இயல்பு.

சோதனை நடைபெறும் முறை

நோயாளி முதலில் ஓடுபட்டையின் மீது நடக்கிறார். வேகமும் சரிவும் படிப்படியாகக் கூட்டப்படுகின்றன. இதயத் துடிப்பு உச்சத்தை எட்டும்போது ஊசி மருந்து செலுத்தப்படுகிறது. அதன் பின்னும் அவர் ஒரு நிமிடம் போல் நடப்பார். நடக்க இயலாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்தால் தமனிகளை விரியச் செய்வர். காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபின் அம்மருந்தின் செயலைத் தடுக்கும். எனவே முந்திய நாளே அவற்றை நிறுத்தச் சொல்வர்.

படம் எடுப்பதோ சிறிது நேரம் கழித்துத்தான். எனினும், உச்ச உழைப்பின்போது எங்கெங்கே எவ்வளவு குருதி சென்றதோ, அந்நிலையே படத்தில் தெரிகிறது. ஏனெனில் செஸ்டாமிபி போய்ச் சேர்ந்த இடத்திலேயே நிலைத்து விடுகிறது.

டெக்னீசியம் வெளிவிடும் காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். உடலைத் துளைத்து வெளியே வர இது போதும். கருவியில் சிக்கவும் ஏற்றது. அக்கருவியே காமாக் கேமரா. இதனை அமைத்தவர் கலிபோர்னியாவின் ஹால் ஆங்கர். காலம் 1950-களின் பிற்பகுதி. காமாக் கதிரை வளைத்துக் குவிக்கும் வில்லை கிடையாது. ஆதலால் எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட ஈயப் பலகை ஒன்று முன்னே நிற்கும். நேரே வரும் கதிர்கள் மட்டுமே துளை வழியே நுழைந்து சோடியம் அயோடைடுப் படிகத்தில் ஒளிப்பொறியை உண்டாக்கும். பின்னாலுள்ள ஒளிமின் பெருக்கிக் குழாய்கள் அப்பொறியின் இடத்தைக் கணிக்கும். கேமரா மார்பைச் சுற்றி அரைவட்டம் வந்து பல கோணங்களில் படமெடுக்க, கணிப்பொறி அவற்றை இணைத்து இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றங்களைத் தருகிறது. அண்மைக் காலக் கருவிகள் சிலவற்றில் காட்மியம், துத்தநாகம், டெலுரியம் சேர்ந்த குறைகடத்திகள் படிகத்தின் இடத்தைப் பிடித்துள்ளன.

படத்தைப் படிப்பது எப்படி?

ஓய்வு நிலையிலும் இன்னொரு முறை ஊசியிட்டுப் படம் எடுப்பர். இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் மூன்று நிலைகள் தோன்றும். இரண்டிலும் தசை முழுதும் ஒளிர்ந்தால் ஓட்டம் நன்று. உழைப்பின்போது ஓரிடம் மங்கி, ஓய்வில் அதே இடம் ஒளிர்ந்தால் அத்தசை உயிரோடு இருக்கிறது, ஆனால் பசித்திருக்கிறது. இரண்டிலும் மங்கினால் அது பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. சில வேளைகளில் அவ்வாறு மங்கிய தசையும் உயிரோடு உறங்கிக் கிடப்பதுண்டு. கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த சர்க்கரையைக் கொண்டு பெட் ஸ்கேன் செய்து அதனைக் கண்டுபிடிக்கின்றனர்.

எங்கள் குடும்பத்தில் இச்சோதனை எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கிற்று என்பதையும் சொல்ல விரும்புகிறேன். என் பெரியப்பாவின் ஆஞ்சியோகிராமில் ஒரு தமனி 60 விழுக்காடு சுருங்கியிருப்பதாகத் தெரிந்தது. ‘அடைப்பு’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அறுவை சிகிச்சை நடக்கும் என்றே எண்ணி, இருந்த ஓர் ஏக்கர் நிலத்தை ஈடு வைக்க வீட்டார் பேசி முடித்து விட்டனர். மருத்துவரோ, முதலில் அணுக்கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்போம் என்றார். சோதனைக்குக் காத்திருந்தபோது பெரியப்பா கேட்டார்:

“ஏண்டா தம்பி, அணுவை உள்ள விட்டுட்டு அப்புறம் எப்படிடா வெளிய எடுப்பாங்க?”

“எடுக்கவே வேண்டாம் பெரியப்பா. ஆறு மணி நேரத்துல பாதி ஆயிடும். இன்னும் ஆறு மணியில அதுல பாதி. நாளைக்கு இதே நேரம் பதினாறுல ஒரு பங்குதான் இருக்கும். நாளை மறுநாள் 256-ல ஒரு பங்கு. சிறுநீர்லயும் கொஞ்சம் போயிடும்.”

“நாம வாங்கின கடனும் இப்படிக் குறைஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்!” என்று அவர் சிரித்தார்.

இரு படங்களிலும் தசை சீராக ஒளிர்ந்தது. மருந்து, பீடியை விடுதல், நடைப்பயிற்சி ஆகியவையே போதும் என்று மருத்துவர் முடிவு செய்தார். நிலம் ஈடு போகவில்லை. படம் இவ்வாறு சீராக அமைந்தவர்களில் மாரடைப்பும் அதனால் வரும் இறப்பும் பொதுவாக ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவே என்பது பல ஆய்வுகளின் முடிவு.

எல்லைகளும் அறிய வேண்டும்

எந்தக் கருவியும் குறையற்றதன்று. மூன்று முதன்மைத் தமனிகளும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால், தசை முழுதும் ஒருசேர மங்கி, ஒப்பிட ஒளிர்ந்த பகுதியே இல்லாமல் படம் நலமானது போல் ஏமாற்றக்கூடும். உதரவிதானமும் பெண்களின் மார்பகமும் கதிர்களைச் சிறிது தடுத்துப் பொய்யான மங்கலைத் தருவதுண்டு. பசித்த தசை தென்பட்டால் உடனே அறுவை என்பதும் இல்லை. 5179 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட ‘இஸ்கீமியா’ என்னும் பன்னாட்டு ஆய்வில், நிலையான நோயுடையவர்களுக்கு மருந்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸை முதலிலேயே செய்தது, மருந்தோடு தொடங்கியதைவிட இறப்பைக் குறைக்கவில்லை. மார்பு வலி மிகுந்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆகவே படம் சான்று கூறுமே அன்றித் தீர்ப்புக் கூறாது.

கதிர்வீச்சின் அளவையும் மறைக்க வேண்டியதில்லை. டெக்னீசியத்தால் இரு படமும் எடுத்தால் உடல் ஏற்பது ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நாம் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். எனவே தேவையுள்ளவருக்கு இது அஞ்சத்தக்கதன்று, தேவையற்றவருக்கு வேண்டாதது. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் அதனை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நண்பர்களே, ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இச்சோதனை நிலையான நோயை ஆராய்வதற்கு உரியது. திடீரென மார்பு இறுகி, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அது எந்தப் படத்திற்கும் காத்திருக்கும் நேரமன்று. அப்போது 108-ஐ அழைத்து, வீட்டாரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதே நம் கடமை. அத்தகைய அவசரமில்லாதபோது, ‘அடைப்பு’ என்ற சொல்லைக் கேட்டுக் கலங்கும் உறவினரிடம், “வாய்க்காலைப் பார்த்தாயிற்று, வயலையும் பார்த்தார்களா என்று மருத்துவரைக் கேளுங்கள்” என்று சொல்லும் அளவிற்கேனும் நம் படிப்பு பயன்படட்டும்.