நோயாளி ஓர் அமானிதம்: வேலையைப் பகிரலாம், பொறுப்பு நம்மிடமே



நமது அறக்கட்டளையிலிருந்து சக்கர நாற்காலி, காற்றுப் படுக்கை போன்றவற்றை நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு இரவலாகக் கொடுத்து வருகிறோம். கையெழுத்து வாங்கிக்கொள்வோம், நோயாளிக்காக துஆ செய்வோம். அத்துடன் நம் கடமை முடிந்தது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு பெரியவருக்கு இப்படித்தான் காற்றுப் படுக்கை கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து நலம் விசாரிக்கப் போனபோது, அவருடைய இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. "காத்துப் படுக்கைதான் இருக்கே, இனிமே புரட்ட வேண்டியதில்லைன்னு நினைச்சிட்டோம்" என்றார் மருமகள். அந்தப் பெண் இரவு பகலாக உழைத்தவர். அவர் மீது குறை சொல்ல முடியாது. காற்றுப் படுக்கை இருந்தாலும் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பதை நாங்கள்தான் சொல்லவில்லை. பிறகு போய்ப் பார்க்கவும் இல்லை. அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று.

அந்தத் தவறிலிருந்து நாங்கள் கற்றதைத்தான் இந்த இதழில் பாடமாக எழுதுகிறோம். ஒரு வேலையை இன்னொருவரிடம் எப்படி ஒப்படைப்பது, ஒப்படைத்த பிறகும் தன் பொறுப்பை எப்படிக் காப்பது என்பது செவிலியர் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் பாடம். நோயாளி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அது தேவை.

ஐந்து கேள்விகள்

ஒரு வார்டில் செவிலியர் ஒருவர் பல நோயாளிகளைக் கவனிக்கிறார். எல்லா வேலையையும் அவரே செய்ய இயலாது. உடம்பு துடைப்பது, துணி மாற்றுவது, சிறுநீரை அளந்து குறிப்பது போன்றவற்றை உதவியாளரிடம் ஒப்படைப்பார். ஆனால் நோயாளியின் நிலையை எடைபோடுவது, மருந்து கொடுப்பது, மாற்றம் கண்டால் மருத்துவரை அழைப்பது ஆகியவை செவிலியரின் வேலை. ஒப்படைத்த வேலையில் பிழை வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இதற்காகச் செவிலியர்கள் ஐந்து கேள்விகளைக் கற்றுக்கொள்கிறார்கள்.

1. இது ஒப்படைக்கக்கூடிய வேலையா? நோயாளிக்குத் தலை வாரிவிடுவதை யாரும் செய்யலாம். இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைப்பதை வீட்டார் தாமாகச் செய்யக் கூடாது.

2. இன்றைய நிலையில் ஒப்படைக்கலாமா? நேற்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தவர் இன்று அரை மயக்கத்தில் இருக்கலாம். அதே கஞ்சியை இன்று வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

3. செய்பவருக்கு அது தெரியுமா, உடம்பில் வலு இருக்கிறதா? முதுகுவலி உள்ள அறுபது வயது மனைவியால் எண்பது கிலோ கணவரைத் தனியாகப் புரட்ட முடியாது.

4. தெளிவாகச் சொன்னோமா? "பார்த்துக்கம்மா" என்பது தெளிவான சொல் ஆகாது. "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள்" என்பதே சொல்லும் முறை.

5. பிறகு போய்ப் பார்த்தோமா? காற்றுப் படுக்கை விஷயத்தில் நாங்கள் நான்காவதிலும் ஐந்தாவதிலும் தவறினோம்.

அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்கள், காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்துவந்த ருஃபைதா (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். அப்படி ஒப்படைத்த பிறகும் நபி (ஸல்) அவர்கள் காலையிலும் மாலையிலும் அவரிடம் நலம் விசாரித்துவந்தார்கள். ஐந்தாவது கேள்விக்கு இதைவிட நல்ல முன்மாதிரி நமக்கு வேண்டியதில்லை.

நம் தெருவுக்கு வரும் தன்னார்வலர்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். தொடர்ந்து மருந்து சாப்பிடுவோருக்கு மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சை கற்ற செவிலியரும், இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள்.

இதுவும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான். இதில் தன்னார்வலரின் எல்லை எது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் அளவு பார்த்துக் குறிப்பார், மாத்திரை தருவார், அளவு கூடியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்வார். "தலை சுத்துதும்மா, மாத்திரையைப் பாதியாக்கிடவா?" என்று அவரிடம் கேட்டு, அவர் தலையாட்டியதை மருத்துவரின் சொல்லாக எடுத்துக்கொள்வது நம் தவறு. அந்தக் கேள்வி மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவமனையிலும் இப்படித்தான். டிரிப்ஸ் முடிந்துவிட்டது, செவிலியர் வேறு கட்டிலில் இருக்கிறார் என்றால், "நீங்களே மாத்திவிடுங்க" என்று கூட்டிப் பெருக்கும் ஆயாம்மாவிடம் சொல்லிக் கையில் இருபது ரூபாய் வைப்பதைப் பார்க்கிறோம். அவருக்கு உபகாரம் செய்வதாக நினைத்து, நம் நோயாளியையும் அவர் வேலையையும் சேர்த்தே ஆபத்தில் வைக்கிறோம்.

கைமாறிக் கைமாறி 42 ஆண்டுகள்

செவிலியர்கள் ஒரு பொறுப்பை எவ்வளவு காலம் காக்க முடியும் என்பதற்கு மும்பை கே.இ.எம். மருத்துவமனை சாட்சி. அங்கே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அதே மருத்துவமனையின் ஊழியர் ஒருவனால் தாக்கப்பட்டு மூளை பாதித்து, பேச்சும் நினைவும் இழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவருடன் வேலை பார்த்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனார்கள். அவரை நல்ல நிலையில் கண்டறியாத இளம் செவிலியர்கள் வந்தார்கள். ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஷிப்டு வரும்போது அவருடைய கவனிப்பும் கைமாறியது. அத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப் புண் வந்ததில்லை என்று மருத்துவமனை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதி வேண்டி வந்த மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று நிராகரித்தது. அவர் சார்பில் பேசும் உரிமை, நாள்தோறும் அவரைப் பராமரித்துவந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றது. அவர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். நம் வீட்டில் மூன்றே வாரத்தில் வந்த புண்ணை நினைத்துப் பார்த்தால், அந்தச் செவிலியர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு சரியாகச் சொல்லி ஒப்படைத்திருப்பார்கள் என்பது விளங்கும்.

முடிவு யாருடையது?

வேலையைப் பகிர்வதைவிடக் கடினமானது முடிவெடுப்பது. நம் பகுதியில் பல வீடுகளில் பிள்ளைகள் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பணம் அனுப்புகிறவர் மூத்த மகன். ஆகவே அறுவை சிகிச்சை வேண்டுமா, எந்த மருத்துவமனை என்பதெல்லாம் தொலைபேசியில் முடிவாகிறது. "அத்தாவுக்கு என்ன வியாதின்னு சொல்லிடாதீங்க" என்ற உத்தரவும் அங்கிருந்தே வருகிறது. கட்டிலில் படுத்திருக்கும் அத்தாவை யாரும் எதுவும் கேட்பதில்லை. இரவில் செவிலியரிடம் அவர் கேட்கிறார்: "ஏம்மா, எனக்கு என்னதான் செய்யுது?"

அந்தச் செவிலியர் பொய் சொல்லக் கூடாது. மருத்துவரை முந்திக்கொண்டு நோயின் பெயரைப் போட்டு உடைக்கவும் கூடாது. "நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்கிறேன்" என்று கூறி, அதை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவருடைய கடமை. அப்படிச் சேர்த்தவரிடம் வீட்டார் சண்டைக்குப் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது நியாயமில்லை.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பை அகற்றப்பட்டது. சுயமாக முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்குப் பதிலாகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய சிகிச்சைக்கு மட்டுமே விலக்கு உண்டு. தாய்க்கே இப்படி என்றால், தொலைபேசியில் பேசும் மகனுக்கும் மாமனுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்காகப் பிள்ளைகளை விலக்க வேண்டும் என்பதில்லை. பெரியவர்களில் சிலர், "எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், மகனிடம் பேசுங்கள்" என்றே விரும்புவார்கள். அதுவும் அவர்களின் முடிவுதான். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே கேட்க வேண்டும்.

நினைவு தப்பிய பிறகு செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டுமா என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் வழிசெய்தது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்று போதும் என்றது. மார்க்க அடிப்படையில் எது கூடும் என்பதை ஆலிம்களிடமும், நோயின் நிலையை மருத்துவரிடமும் கேட்டு, நல்ல நினைவோடு இருக்கும்போதே குடும்பத்தில் பேசிக்கொள்வது நல்லது. ஐ.சி.யு. வாசலில் நின்று அண்ணன் தம்பிகள் வாக்குவாதம் செய்யும் நிலை அதனால் தவிரும்.

இனி நாம் செய்ய வேண்டியவை

திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ வேறு எங்கிருந்தோ நோயாளியை வீட்டுக்கு அழைத்து வரும் நாளில், அவரை உண்மையில் பராமரிக்கப் போகிறவர் உடன் இருக்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, மகள், மருமகள், அல்லது சம்பளத்துக்கு வரும் அம்மா. ஆண்கள் பில் கட்டிவிட்டு ஆட்டோ பிடிப்பதற்குள், செவிலியர் சொன்னதை அந்தப் பெண் திரும்பச் சொல்லிக் காட்டட்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

கட்டில் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். எத்தனை மணிக்குப் புரட்டினோம், என்ன சாப்பிட்டார், சர்க்கரை எவ்வளவு, எந்த மாத்திரை கொடுத்தோம் என்று எழுதுங்கள். சாப்பாடு கொடுக்கும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். சாப்பிடாத வேளையில் இன்சுலின் போடும் முன் கேளுங்கள். அவசரம் என்றால் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், "அத்தா எப்படி இருக்கார்?" என்று கேட்பதோடு, "இராத்திரி யார் புரட்டினாங்க? நீ தூங்கினியா?" என்றும் கேளுங்கள். பராமரிக்கிறவர் தளர்ந்து விழுந்தால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள்.

அறக்கட்டளையும் தன் முறையை மாற்றிக்கொண்டது. காற்றுப் படுக்கை கொடுக்கும் அன்றே, புரட்டும் முறையைச் செய்து காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறோம். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் நம் பெண் ஊழியர் ஒருவர் போய்ப் பார்க்கிறார். அவர் வரும்போது சங்கடப்படாமல் முதுகைக் காட்டச் சொல்லுங்கள்.

நம் கையில் வந்த அமானிதங்களை முறையாகக் காக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.