அடி அண்ணாமலைச் செம்மண்: குணமும் குறையும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் மலைக்கு மேற்கே கடந்து செல்லும் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் நடக்கும் பாதை அது. பாதையை விட்டு வயலுக்குள் இறங்கினால் காலில் ஒட்டுவது செம்மண். இந்த மாவட்டத்தின் மானாவாரி மணிலா பெரும்பாலும் இவ்வகை மண்ணில்தான் விளைகிறது. மல்லாட்டை என்று வட்டாரத்தில் சொல்லப்படும் இந்தப் பயிரை நம்பித்தான் சிறு விவசாயிகள் பலரது குடும்பம் நடக்கிறது.

செம்மண் சத்தில்லாத மண், உரத்தைக் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சு ஊர்தோறும் உண்டு. இது பாதி உண்மை. தழைச்சத்தும் மக்கும் இந்த மண்ணில் குறைவுதான். ஆனால் அதைவிடப் பெரிய குறை வேறு. பெய்த மழையை முழுதாக உள்ளே விடாது. உள்ளே விட்டதையும் நெடுநாள் வைத்திராது. இந்தக் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் போடும் உரத்தில் பெரும்பகுதி வீணே.

மலை தந்த மண்

கடல் மட்டத்துக்கு 2,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அண்ணாமலை கருங்கல் மலை. தமிழ்நாட்டின் வடபகுதியில் உள்ள இத்தகைய பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். வெயிலிலும் மழையிலும் பாறை உதிர்ந்து, அதிலுள்ள கண்ணாடிக் கல் மணலாகவும், மற்றவை களியாகவும் மாறின. பாறையிலிருந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறியது. செம்மண்ணின் சிவப்பு அந்தத் துருவின் நிறமே. ஆகவே நிறத்தை வைத்து வளத்தை எடைபோட முடியாது. நல்ல சிவப்பு என்பது அந்த இடத்தில் தண்ணீர் தேங்காமல் வடிகிறது என்பதற்கு அடையாளம். மண் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால் அங்கே ஈரம் நெடுநாள் நிற்கிறது என்று பொருள்.

செங்குத்தான சரிவில் பாறை மேல் மண் மெல்லியதாகவே படிந்திருக்கும். அது அளவுக்கு மீறி நீர் குடித்தால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பர் 1-ஆம் தேதி காட்டியது. பெஞ்சல் புயல் மழையில் நகரை ஒட்டிய மலைச்சரிவில், வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். வயலில் நடக்கும் மண் அரிப்பு அவ்வளவு கோரமாகக் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு கனமழையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

மேடு, சரிவு, பள்ளம்

மலையடியிலிருந்து ஏரிப் பக்கம் நடந்தால் ஒரே செம்மண் மூன்று விதமாக மாறுவதைக் காணலாம். மலையை ஒட்டிய மேட்டில் சரளை அதிகம். ஓரடி தோண்டினால் சில இடங்களில் மொரம்பு தட்டும். நடுச் சரிவில் மணல் கலந்த செம்பொறை மண். கண்டம் இரண்டடி, மூன்றடி இருக்கும். மணிலாவுக்கு ஏற்ற இடம் இதுவே. பள்ளத்தில், மேலிருந்து மழைநீர் இழுத்து வந்த களியும் சுண்ணாம்பும் தங்கி, மண் பழுப்பாகவும் கருமையாகவும் இருக்கும். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவது இங்குதான். வடிகால் கெட்ட இடங்களில் உவர் பூப்பதும் இங்குதான்.

பள்ளத்து நிலத்தில் மணிலா போட்டால் சில ஆண்டுகளில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்றப் பகுதி மஞ்சளாகவும் வெளுக்கும். இது இரும்புச்சத்துக் குறை. சிவப்புக்குக் காரணமான இரும்பு மண்ணில் மண்டிக் கிடக்கும்போதே, சுண்ணாம்பு மிகுந்தால் அதைச் செடியால் எடுக்க முடிவதில்லை. அன்னபேதி உப்பை 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் வீதம் கரைத்து மாலை வேளையில் தெளித்தால் பச்சை திரும்பும். யூரியாவைக் கூட்டிப் போடுவது இதற்கு மருந்தல்ல.

மண்வகையைக் கையாலேயே ஓரளவு அறியலாம். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாடாபோல் தள்ள வேண்டும். நாடா வராமலே உதிர்ந்தால் மணல் மிகுதி. ஓர் அங்குலம் வந்து முறிந்தால் பொறை மண். இரண்டு அங்குலத்துக்கு மேல் முறியாமல் நீண்டால் களி.

மழைக் கணக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீட்டர். கடலோர மாவட்டங்களைப்போல் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பிய இடமல்ல இது. தென்மேற்குப் பருவத்திலும் ஏறக்குறைய அதே அளவு மழை கிடைக்கிறது. ஆனால் அது நாளும் தூறுவதில்லை. மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டும். பிறகு பத்து நாள், பதினைந்து நாள் வெயில்தான். பயிர் பிழைப்பதும் காய்வதும் அந்த இடைவெளியில் முடிவாகிறது.

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு மண்ணில் தங்கும்? மணற்பாங்கான செம்மண் ஓரடி ஆழத்தில் பயிருக்கு உதவும்படி பிடித்து வைக்கும் நீர் சுமார் 30 மில்லிமீட்டர். நன்கு வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் குடித்துவிடும். ஆக, ஓரடிக் கண்டமுள்ள மேட்டு நிலத்தில் ஒரு வாரம் மழை தவறினால் செடி வாடும். இரண்டடி இருந்தால் இரண்டு வாரம் தாங்கும். பக்கத்துப் பக்கத்து வயல்களில் ஒன்று பசுமையாகவும் மற்றொன்று சுருண்டும் நிற்பதற்கு விதையோ உரமோ காரணம் அல்ல; பல நேரங்களில் காரணம் கீழே உள்ள மண்ணின் ஆழம்தான். கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்துத் தன் நிலத்தின் கண்டத்தை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஓரடி மட்டுமே உள்ள இடத்தில் மணிலாவைவிடக் கொள்ளு, சாமை போன்றவையே நம்பகமானவை.

1972-இல் ஐதராபாத் அருகே பட்டான்செருவில் தொடங்கப்பட்ட சர்வதேச வறட்சிப்பகுதிப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் செம்மண்ணும் கரிசலும் அருகருகே உள்ளன. ஒரே மழையில் இரு மண்ணும் எப்படி நடந்துகொள்கின்றன என்று அங்கு ஆராய்ந்திருக்கிறார்கள். மணல் கலந்த மண் என்பதால் செம்மண் நீரை எளிதில் உறிஞ்சும் என்றே யாரும் எண்ணுவர். ஆனால் அதன் மேற்பரப்பு பொருக்குக் கட்டியபின் கனமழையின் நீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடிவிடுகிறது.

பொருக்குத் தொல்லை

பெரிய மழைத்துளிகள் திறந்த மண்ணில் அறையும்போது மண்கட்டிகள் கரைகின்றன. நுண்ணிய களி கண்துளைகளை அடைக்கிறது. மறுநாள் வெயிலில் அது காய்ந்து ஓடுபோல் இறுகுகிறது. மக்குக் குறைந்த மண்ணில் கட்டிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை இல்லாததால் இந்த வினை விரைவாக நடக்கும். விதைத்த மூன்றாம் நான்காம் நாள் இப்படி நேர்ந்தால் முளை மேலே வர முடியாமல் ஓட்டுக்கு அடியிலேயே மடங்கிப் போகும். மணிலா விதை விற்கும் விலையில் மறுவிதைப்புச் செய்வது எத்தனை பேரால் முடியும்?

பொருக்கு முழுதும் காயுமுன், லேசான ஈரம் இருக்கும்போதே, முள்கிளைகளைச் சேர்த்துக் கட்டி வயலில் மெல்ல இழுத்தால் ஓடு உடையும். அழுத்தம் கூடாது, கூடினால் முளை முறியும். கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் தெளிப்பு நீர் கொஞ்சம் விடலாம். இவை அவசர வைத்தியம். நிரந்தர வைத்தியம் மக்குதான். கடைசி உழவுக்கு முன் ஏக்கருக்கு 4 டன் தொழு உரம், அல்லது 5 டன் மக்கிய தென்னைநார்க் கழிவு இட வேண்டும். ஒரே ஆண்டில் முழு வயலுக்கும் முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒரு துண்டாக இட்டு வரலாம். மேலே கிடக்கும் பொடிச் சரளையை முழுவதும் பொறுக்கி எறிய வேண்டியதில்லை. துளியின் அடியை அது தாங்கிக்கொள்ளும்.

சித்திரையில் கோடைமழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுது வைப்பது முக்கியம். சரிவோடு உழுத சால் ஒவ்வொன்றும் மண்ணை ஏரிக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுததால் அடியில் தட்டு இறுகிய நிலங்களில், 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் நெடுக்கும் குறுக்குமாக ஓட்டலாம். கண்டம் குறைந்த மொரம்பு நிலத்துக்கு இது பொருந்தாது.

மணிலாவும் ஜிப்சமும்

1940-இல் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 ரகத்தின் பெயரில் உள்ள டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும். அந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் இதே செம்மண் பூமியை ஒட்டியதுதான். பூ கருவுற்றபின் விழுது மண்ணுக்குள் இறங்கியே காய் பிடிக்கிறது; அதற்கு மேல்மண் பொலபொலப்பாக இருக்க வேண்டும். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர்வழி அல்லாமல் தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்து நேரடியாகவே எடுக்கிறது. நடுச் சரிவின் மணல் மண்ணில் அது பற்றாது. பொக்குக் காய் மிகும். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை 40 முதல் 45-ஆம் நாளுக்குள், மண்ணில் ஈரம் உள்ள நேரம் பார்த்து, செடியோரம் இட்டுக் கொத்தி மண் அணைக்க வேண்டும். அதன்பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. இறங்கிய விழுது அறுந்துவிடும்.

ஆடியில் விதைத்தது ஐப்பசியில் அறுவடைக்கு வரும். அப்போது மழை தவறினால் மண் கல்லாகி, செடி கையோடு வரும், காய் மண்ணில் நிற்கும். மழை விடாமல் பெய்தாலோ விதை உறக்கம் இல்லாத கொத்து ரகங்கள் நிலத்திலேயே முளைத்துவிடும். ஆகவே முற்றிய பின்னர் ஒரு நல்ல ஈரப்பதம் கிடைத்தால் நாள் தள்ளாமல் பிடுங்குவதே இந்த மண்ணுக்கு உகந்தது.

ஏரி வண்டல்

வயலிலிருந்து போன களியும் மக்கும் பெரும்பாலும் ஏரியில் கிடக்கிறது. மாட்டு வண்டிகளில் கோடைதோறும் வண்டல் அடித்த வழக்கம் டிராக்டர் காலத்தில் ஏனோ குறைந்துபோனது. 2017-இலும் 2024-இலும் தமிழக அரசு விதிகளை எளிதாக்கி, விவசாயிகள் அனுமதி பெற்று வண்டலை இலவசமாக எடுக்க வழிசெய்தது. புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் பரப்பினால் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான கனம் கிடைக்கும். நீரைப் பிடிக்கும் திறனில் அது நன்றாகத் தெரியும்.

எடுக்கும் முன் வண்டலை மண் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சீமைக் கருவேல் மண்டிய மூலையிலிருந்து எடுக்கலாகாது. விதையும் சேர்ந்து வந்துவிடும். பங்குனியில் சிறு குவியல்களாகக் கொட்டி, கட்டிகள் வெயிலில் காய்ந்து உதிர்ந்தபின் சமமாக இறைத்து, கோடை உழவில் மேல்மண்ணோடு கலக்க வேண்டும். மேட்டு நிலத்துக்கு முதலில், நடுச் சரிவுக்கு அடுத்து. பள்ளத்து வயலுக்கு வண்டல் வேண்டியதில்லை.